செத்த வீட்டில் நான் சொன்ன கணக்கு

நான் உடற்றொழிலியல் படிப்பிக்கிறவன். இதயம் எப்படிச் சுருங்கி விரிகிறது, இரத்தக் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்பதெல்லாம் வருடாவருடம் மாணவர்களுக்கு நான் சொல்லும் பாடம். ஏழு வருடமாக அதே விஷயங்களை வகுப்புக்கு வெளியே, யாழ்ப்பாணத்துக் கிராமங்களில், தேத்தண்ணிக் கடை வாங்கிலும் சலூனிலும் கோயில் வீதியிலும் இருந்து கதைத்து வருகிறேன். இளம் டொக்டர்மாரும் தாதியரும் சிலர் "நாங்களும் செய்யலாமோ, எப்படித் தொடங்கிறது" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நான் பிழைவிட்ட இடங்களையும் சேர்த்து.

முதல் தடவை ஒரு ஊர்ச் சனசமூக நிலையத்தில் கூப்பிட்டார்கள். படம் காட்டும் கருவி, 38 படங்கள், ஒரு மணித்தியாலப் பேச்சு. பேப்பர் பார்க்க வந்த வயதானவர்களோடு சேர்த்து இருபது பேர் வரை இருந்தார்கள். முடிவில் "கேள்வி இருந்தால் கேளுங்கோ" என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாமான்களைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தால், சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டு நின்ற ஒரு ஐயா மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நேற்று வரைக்கும் வெங்காயத் தோட்டத்தில நிண்டு இறைச்ச மனுஷன் இண்டைக்கு விடிய எப்படிச் செத்தவர்? அதை நீர் சொல்லேல்லையே."

உண்மைதான். கொலஸ்ட்ரோலின் வகைகளை எல்லாம் சொன்னேன், அதைச் சொல்லவில்லை. அந்த ஊரில் அந்த மாதம் எல்லார் மனதிலும் இருந்த கேள்வி அது ஒன்றுதான், நான்தான் அறியாமல் இருந்தேன். சைக்கிள்களுக்கு நடுவில் நின்றே பதில் சொல்லத் தொடங்கினேன். இரண்டு பேர், நாலு பேர் என்று சேர்ந்து, உள்ளே இருந்தவர்களில் பாதிப்பேர் அங்கே வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் படங்கள் கொண்டுபோனதே இல்லை. இப்போதும் ஒரு ஊருக்குப் போனால் முதல் அரை மணித்தியாலம் நான் கதைப்பது குறைவு. அண்மையில் ஆர் ஆருக்கு என்ன வருத்தம் வந்தது, என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பேன், கதைக்க வேண்டிய விஷயம் அதற்குள்ளேயே கிடைத்துவிடும்.

அன்றைக்குச் சைக்கிளடியில் நான் எடுத்த உவமை தண்ணி இறைக்கும் மெசின். இதயம் நிமிடத்துக்கு 5 லீற்றர் அளவு இரத்தத்தைத் தள்ளுகிறது, ஆனால் தனக்குள் நிறைந்திருக்கும் அந்த இரத்தத்தால் அதன் தசை பிழைப்பதில்லை. தசைக்கு வேண்டிய இரத்தம் வெளிப்பக்கத்தால் ஓடும் சிறு குழாய்களால்தான் வரவேண்டும். மெசின் எவ்வளவு தண்ணி இறைத்தாலும் அதற்கு மண்ணெண்ணெய் வேறு குழாயால் வந்தால்தானே ஓடும். இதைச் சொன்னவுடனேயே தலையாட்டினார்கள், மெசினைக் கழற்றிப் பூட்டத் தெரியாத தோட்டக்காரர் அங்கே இல்லை. ஆனால் அடுத்த படியில் நான் சறுக்கினேன். குழாயில் கொழுப்புப் படிந்து படிந்து அடைபடுகிறது என்றதும் ஐயா விடவில்லை. "அப்பிடியெண்டால் மெசின் கொஞ்சம் கொஞ்சமாய் இழுத்து இழுத்தெல்லோ நிக்கவேணும்? அவர் முதல் நாள் பின்னேரம் வரைக்கும் நல்லாத்தானே நிண்டவர்?"

அந்தக் கேள்வி மருத்துவர்களையே கனகாலம் குழப்பிய கேள்வி. மாரடைப்பில் காணும் இரத்தக்கட்டி காரணமா, இல்லை மாரடைப்பு வந்த பிறகு உண்டாவதா என்று முந்தி வாதம் இருந்தது. 1980இல் அமெரிக்காவில் டிவுட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும், வருத்தம் தொடங்கி 4 மணித்தியாலத்துக்குள் வந்த 126 பேருடைய குழாய்களைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். 110 பேரில் குழாய் முழுவதுமாக அடைபட்டிருந்தது. பெரிய அடைப்பு ஒன்றும் இல்லாத இடத்தில்கூட, சுவரில் இருக்கும் கொழுப்புப் படிவின் மேல்தோல் வெடித்தால் அந்த இடத்தில் இரத்தம் உறைந்து நிமிடக் கணக்கில் குழாயை மூடிவிடும். இதை நான் சொல்லி முடிக்க முதலே ஐயா சொன்னார்: "ஓ, வரம்பு இடிஞ்சு வாய்க்காலுக்குள்ள விழுற மாதிரி." அதைவிட நல்ல உவமை எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது எல்லா ஊரிலும் அதைத்தான் சொல்கிறேன், கோண்டாவில் பக்கத்து ஐயா ஒருவர் தந்தது என்றும் சொல்கிறேன். தான் அறிந்த தொழிலை வைத்து ஒருவர் விஷயத்தைப் பிடிக்கும்போது இடைமறித்து உங்கள் உவமையைத் திணிக்காதீர்கள்.

இனி, தலைப்பில் சொன்ன விஷயம்.

மூன்றாவது வருடம் எங்களுக்குத் தூரத்துச் சொந்தமான ஒருவர் மாரடைப்பில் போய்விட்டார். 54 வயது. செத்த வீடு என்றால் எங்கள் பக்கத்தில் எப்படி என்று தெரியும்தானே, முற்றத்தில் பந்தல், வாடகைக் கதிரைகள், வெற்றிலைத் தட்டம், வெறுந்தேத்தண்ணி. ஆண்கள் வெளியே இருந்து கதைத்துக்கொண்டிருப்பார்கள், பெண்கள் உள்ளே. நான் இதெல்லாம் கதைக்கிறவன் என்று தெரிந்தவர்கள் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்கள். கேட்கிறார்கள், கேள்வியும் அவர்களுடையது, இதைவிட நல்ல இடம் இல்லை என்று நினைத்துவிட்டேன்.

1986இல் இத்தாலியில் வெளிவந்த பெரிய ஆய்வைப் பற்றிச் சொன்னேன். 11,000க்கு மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றினார்கள். நெஞ்சு நோ தொடங்கி 1 மணித்தியாலத்துக்குள் மருந்து கிடைத்தவர்களில் இறப்பு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. நேரம் போகப் போக அந்தப் பயனும் குறைந்துகொண்டே போனது. "பாதி, பாதிப்பேர் தப்பியிருப்பினம், நேரத்துக்குக் கொண்டுபோனால்" என்று குரலை உயர்த்தியே சொன்னேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு யன்னல் திறந்திருந்தது. அதற்கு உள்ளேதான் அவருடைய மனைவி இருந்தார்.

பிறகு என் மாமி தனியே கூப்பிட்டுச் சொன்னா. இரவு 11 மணிக்கு அவருக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்திருக்கிறது. வாய்வு என்று நினைத்து அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஓமத்தண்ணி கொடுத்து, சோடா கொடுத்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு இருந்திருக்கிறார். விடிய 4 மணிக்குத்தான் ஓட்டோவுக்குச் சொன்னது. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அந்த யன்னலால் உள்ளே போயிருக்கிறது. "அவ பிறகு ஒண்டுமே கதைக்கேல்லை தம்பி" என்றா மாமி.

அன்று நான் சொன்னதில் ஒரு எண்கூடப் பிழை இல்லை. சரியான எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மனுசிக்கு அவ்வளவு பாரத்தை ஏற்றலாம் என்று எனக்கு ஒருவரும் படிப்பித்திருக்கவில்லை.

அந்தியேட்டி முடிந்த பிறகுதான் அக்காவிடம் போனேன், அதற்கு முன் போகத் துணிவு வரவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் அதைக் கேட்கும் நிலையில் இல்லை, நேரே ஒன்றைக் கேட்டார்: "நான் அப்பவே கொண்டுபோயிருந்தால் அவர் இருந்திருப்பாரோ?"

நான் அதே ஆய்வை வேறு விதமாகச் சொன்னேன். மருந்து கிடைக்காத 100 பேரை எடுத்தால் ஆஸ்பத்திரியில் 13 பேர் அளவில் இறந்தார்கள். மருந்து கிடைத்த 100 பேரை எடுத்தால், நேரத்துக்கு வந்தவர், பிந்தி வந்தவர் எல்லாரையும் சேர்த்து, 11 பேர் அளவில் இறந்தார்கள். மருந்து கிடைத்தும் இறந்தவர்கள் இருக்கிறார்கள், கிடைக்காமலே பிழைத்தவர்கள் மிகப் பெரும்பாலானோர். மருந்தால் தப்பிய அந்த இரண்டு பேர் ஆர் ஆர் என்று ஆய்வைச் செய்தவர்களாலேயே சொல்ல ஏலாது. "நேரத்தோட போறது நல்லது எண்டு ஆயிரம் பேரை வைச்சுச் சொல்லலாம் அக்கா, அண்ணையை வைச்சு ஒருதராலும் சொல்ல ஏலாது. முதல் மணித்தியாலத்திலேயே துடிப்புக் குழம்பி, ஆஸ்பத்திரி வாசலில வைச்சே போறவையும் இருக்கினம்."

அவர் கனநேரம் பேசவில்லை. பிறகு எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து, "அப்ப வாய்வுக்கும் இதுக்கும் எப்படி வித்தியாசம் பிடிக்கிறது?" என்று கேட்டார்.

பந்தலில் நான் பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்வி அதுதான், அதை அங்கே கேட்கக்கூடியவர் அவர் ஒருவர்தான், அவரோ உள்ளே இருந்தார். பதில் இதுதான், வாசிப்பவர்களுக்கும் பயன்படும்: வீட்டில் வைத்துப் பிடிக்க ஏலாது. டொக்டருக்கே ஈ.சி.ஜி. வேண்டும், இரத்தப் பரிசோதனை வேண்டும், சில வேளை இரண்டாம் தரமும் எடுத்துப் பார்க்கவேண்டும். நெஞ்சு இறுக்கி, வேர்த்து, நோ கைக்கோ தாடைக்கோ ஏறி, கால் மணித்தியாலமாகியும் விடாமல் நின்றால் அதை வாய்வு என்று வைத்துக்கொண்டு இருக்கவேண்டாம். பெண்களிலும், வயதானவர்களிலும், சலரோகம் உள்ளவர்களிலும் நெஞ்சு நோவே இல்லாமல் மூச்சு வாங்கல், சத்தி, திடீர்க் களைப்பு என்றும் வரலாம். 1990 என்ற நம்பருக்கு அடித்தால் காசில்லாமல் அம்புலன்ஸ் வரும், 2018 தொடக்கம் வடக்கிலும் அந்தச் சேவை இருக்கிறது. சைக்கிள் மிதித்தோ நடந்தோ ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது. இன்னொன்று, கட்டி கரைக்கும் மருந்துக்கு 12 மணித்தியாலம் வரைக்கும் பயன் உண்டு என்று பிந்திய ஆய்வுகளில் தெரிந்துவிட்டது, ஆகவே "இனிப் போய் என்ன" என்று ஒருவரும் வீட்டில் இருக்கவேண்டாம்.

அதற்குப் பிறகு இரண்டு விஷயத்தில் நான் கட்டாயமாக இருக்கிறேன். செத்த வீட்டில் கேட்டால் "எட்டுச் செலவு கழியட்டும், ஆறுதலாகக் கதைப்பம்" என்று சொல்லிவிடுவேன். மற்றது, "பாதியாகக் குறைகிறது", "மூன்று மடங்கு" என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை, 100 பேரில் எத்தனை பேர் என்று கட்டாயம் சேர்த்துச் சொல்வேன். பாதி என்ற சொல்லைக் கேட்ட மனம் தன் வீட்டு ஆளை நேரே அந்தப் பாதிக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறது.

சலூன் கதைக்கு வருகிறேன். அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் 52 சலூன்களில் ஒரு ஆய்வு நடந்தது, 2018இல் வெளிவந்தது. பிறஷர் கூடிய 319 கறுப்பின ஆண்கள் அதில் சேர்ந்தார்கள். ஒரு பகுதி சலூன்களில் முடி வெட்டுகிறவர் டொக்டரிடம் போகச் சொல்லிப் புத்தி சொன்னார். மற்றவற்றில் மருந்தாளர் சலூனுக்கே வந்து மருந்தைத் தொடக்கினார். ஆறு மாதத்தில் மேல் பிறஷர் முதல் பகுதியில் 9 அளவும் இரண்டாவதில் 27ம் இறங்கியது. இதை எனக்கு முடி வெட்டும் தம்பிக்குச் சொன்னபோது அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டும், தன்னுடைய தொழிலை வைத்து இப்படி ஒரு ஆராய்ச்சி நடந்ததே என்று. அடுத்த ஞாயிறு தொடக்கம் பிறஷர் மெசின் ஒன்றோடு நான் அங்கே இருக்கத் தொடங்கினேன்.

இதிலும் பிழை விட்டேன். வெயிலுக்குள் சைக்கிள் உழக்கிக்கொண்டு வந்த ஒருவருக்கு வந்த கையோடு பிறஷர் பார்த்து எண்ணைச் சொல்லிவிட்டேன், பெரிய எண். அவர் பயந்து வீட்டுக்குப் போய் மனைவியின் குளிசையை எடுத்துப் போட்டிருக்கிறார், நல்ல காலம், தலைச்சுற்றோடு போய்விட்டது. இப்போது ஐந்து நிமிடம் இருத்தி, முதுகு சாய்த்து, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேசையில் வைத்து, கதைக்கவிடாமல் இரண்டு தரம் பார்க்கிறேன். தேத்தண்ணியோ சிகரெட்டோ முடித்த உடனே என்றால் அரை மணித்தியாலம் கழித்து. சலூனில் கதைக்காமல் இருக்கச் சொல்வதுதான் இதில் கடினமான வேலை. ஒரு துண்டில் எண்ணையும் திகதியையும் எழுதி, எந்தக் கிழமை எந்த ஆஸ்பத்திரிக் கிளினிக் என்றும் எழுதிக் கொடுப்பேன். அடுத்த முறை முடி வெட்ட வரும்போது "கிளினிக்குப் போனனீங்களோ அண்ணை" என்று சலூன்காரத் தம்பி கேட்பார். அந்த ஆய்வில் 9ஐயும் 27ஐயும் பிரித்தது மருந்து கைக்கு வந்து சேர்ந்ததுதான். அந்த ஏற்பாடு இல்லாமல் பிறஷர் மெசினை மட்டும் கொண்டுபோவது பயத்தைக் கொடுத்துவிட்டு வருவதாகிவிடும் என்பது என் முடிவு.

எங்கள் ஆட்களை வைத்துச் செய்த ஆய்வு என்றால் சனம் நிமிர்ந்து இருக்கும், இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இலங்கை ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளிலேயே 700 பேரை வைத்துச் செய்து 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. மூன்று பிறஷர் மருந்தைச் சிறிய அளவில் ஒரே குளிசைக்குள் வைத்துக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 100 பேரில் 70 பேருக்குப் பிறஷர் கட்டுக்குள் வந்தது, வழக்கமான முறையில் 55 பேருக்கு. அதேபோல 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த இன்ரர்ஹார்ட் ஆய்வில் இலங்கையும் இருந்தது. தென்னாசியாவில் முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53, மற்ற நாடுகளில் 59 அளவு. இந்த ஆறு வருட வித்தியாசத்தைச் சொன்னால் 40 வயதுக்காரர் எழும்பிப் போகமாட்டார்கள்.

அதே ஆய்வின் எண்களால்தான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். புகைப்பவர்களுக்கு மாரடைப்புச் சாத்தியம் 3 மடங்கு அளவு, வெற்றிலையோடு போயிலை சப்புகிறவர்களுக்கும் 2 மடங்கு என்று சொன்னபோது ஒரு பெரியவர் எழும்பினார். "போயிலை நட்டுத்தான் தம்பி நான் மூண்டு பிள்ளையளைப் படிப்பிச்சனான். இப்ப அது பிழையெண்டு சொல்லுறீரோ?" அங்கே பாதிப்பேர் போயிலைத் தோட்டக்காரர். நான் வாதாடவில்லை. எண்கள் உண்மை, அவர் பிள்ளைகளைப் படிப்பித்ததும் உண்மை. "ஐயா, நீங்கள் பத்தாமல் சப்பாமல் இருக்கிறதுக்குத்தான் நான் சொல்லுறன், நடுறதைப் பற்றிச் சொல்ல எனக்கு விவசாயம் தெரியாது" என்றேன். அடுத்த தடவை விவசாயம் தெரிந்த நண்பரைக் கூட்டிக்கொண்டு போனேன், அன்றைக்கு முழுக்க மாற்றுப் பயிர் பற்றித்தான் கதை. இதயம் பற்றி ஒரு சொல்லும் இல்லை, இருந்தும் அது வீண்போன நாள் என்று நான் நினைக்கவில்லை.

பெண்களோடு கதைக்கும்போது நான் தொடங்குவது உப்பில். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிராமில் சொன்னால் ஆருக்கும் விளங்காது. உப்புப் பக்கற்றைத் திறக்கும் நாளில் அதன்மேல் திகதியை எழுதிவையுங்கோ என்று கேட்பேன். நாலு பேர் உள்ள வீட்டில் 400 கிராம் பக்கற் 20 நாள் வரவேண்டும். அதற்கு முதல் முடிந்தால், கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், கடைப் பாண் இவற்றிலுள்ள உப்பைச் சேர்க்காமலே அளவைத் தாண்டியாயிற்று. ஒரு வீட்டில் 12ஆம் நாளே முடிந்துவிட்டது என்று அந்த அம்மா பக்கற்றையே கொண்டுவந்து காட்டினா.

தேங்காயைப் பற்றிக் கேட்காத கூட்டமே இல்லை. தேங்காயெண்ணெய் மற்றத் தாவர எண்ணெய்களை விடக் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டுகிறது, அது பல பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்துத் தெரிந்தது. ஆனால் சம்பல் சாப்பிட்டதால் இத்தனை பேருக்கு மாரடைப்பு என்று எண்ணிச் சொல்லும் பரிசோதனை இல்லை. இரண்டையும் அப்படியே சொல்லிவிட்டு, பொரியலைக் குறையுங்கோ, சொதி இருக்கட்டும் என்பேன். அது என்னுடைய அபிப்பிராயம் என்றும் சொல்லிவிடுவேன்.

அப்புறம் வட்ஸ்அப். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து பிள்ளைகள் அனுப்பும் குரல் பதிவுகள். உள்ளியும் தேனும் அடைப்பைக் கரைக்கும் என்று ஒன்று, தனியே இருக்கும்போது மாரடைப்பு வந்தால் விடாமல் இருமினால் தப்பலாம் என்று ஒன்று. அதை அனுப்பியது பெற்ற பிள்ளை, பாசத்தில் அனுப்பியது. அதைப் பொய் என்று எடுத்த எடுப்பில் சொன்னால் பிள்ளையைச் சொன்னதுபோல ஆகிவிடும். முழுக்கக் கேட்பேன், பிறகு துண்டு துண்டாகப் பிரிப்பேன். உள்ளி பிறஷரைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று சில ஆய்வுகள் உண்டு, அடைப்பைக் கரைத்ததாக இல்லை, குளிசையை நிப்பாட்டினால்தான் ஆபத்து. இருமல் கதை, ஆஸ்பத்திரியில் மெசினில் பூட்டி வைத்திருக்கும்போது டொக்டர் பக்கத்தில் நின்று செய்விக்கும் ஒன்றிலிருந்து வந்தது. வீட்டில் இருமிக்கொண்டிருக்கும் அந்த நேரத்துக்கு 1990க்கு அடிக்கலாம்.

சொற்களைப் பற்றியும் ஒன்று. பாடப்புத்தகத்தில் குருதி அமுக்கம், சனத்தின் வாயில் பிறஷர். நான் பிறஷர் என்றுதான் சொல்கிறேன். ஆனால் இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயின் பெயரான "முடியுரு நாடி" போன்ற சொல்லை ஒருமுறையாவது சொல்லி, இதயத்துக்கு மேல் கிரீடம்போலச் சுற்றி ஓடுவதால் அந்தப் பெயர் என்று விளக்குவேன், வயதானவர்களுக்கு அது நல்ல விருப்பம். 1847இல் இங்கே வந்து மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, நூல்களையும் தமிழாக்கிய சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் நடமாடிய மண் இது. தமிழில் சொன்னால் விளங்காது என்ற சாட்டு எங்களுக்குப் பொருந்தாது.

அந்த அக்கா இப்போது மாதர் சங்கத்தில் தானே கதைக்கிறார். நான் ஒருநாளும் கேட்கவில்லை, ஒரு கூட்டத்தில் நான் வாய்வைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, பின் வரிசையிலிருந்து எழும்பி "நானும் ஓமத்தண்ணிதான் குடுத்தனான்" என்று தொடங்கினார். அன்றைக்குக் கூட்டம் இருந்த அமைதியை என்னுடைய எந்த எண்ணாலும் கொண்டுவர முடிந்ததில்லை. அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், வர ஏலுமோ என்று அவரைக் கேட்டுவிட்டுத்தான் திகதி போடுகிறேன். இதை எழுதவும் அவரிடம் கேட்டேன், ஊர், பெயர் இல்லாமல் எழுதச் சொன்னார்.

ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். மகன் வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கும் நாட்களில் எங்கள் ஊர்ப் பக்கம் கூட்டம் வைக்கவேண்டாமாம். அப்பாவுக்கு 11 மணிக்கே தொடங்கிவிட்டது என்று அவனுக்கு இன்னும் சொல்லவில்லை, தானே ஒருநாள் சொல்லுவாவாம். வாற ஆவணியில் அவன் வருகிறான், நல்லூர்த் திருவிழா முடியும் வரை நிற்பான். அந்த மாதத்துக்கு நான் ஒரு திகதியும் போடவில்லை.